பச்சை மரத்தில் எழுந்த வீடு

இங்கிலாந்தின் வடமேற்கில் செஷயர் என்றொரு மாவட்டம் இருக்கிறது. பால் மாடுகளுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன நாட்டுப்புறம். அங்கே காங்கிள்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஏறத்தாழ 10 மீட்டர் அகல அகழிக்கு நடுவே ஒரு மரவீடு. கறுப்புச் சட்டங்களும் வெள்ளைச் சுவர்களுமாக மூன்று அடுக்கு உயர்ந்து, மேலே போகப் போக வெளிப்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். ஜன்னல் வரிசையில் ஒன்று ஏறியிருக்கும், அடுத்தது இறங்கியிருக்கும். மேல்மாடித் தரையில் ஒரு கோலியை வைத்தால் அது தன் போக்கில் உருண்டு போய்விடும். லிட்டில் மோர்ட்டன் ஹால் என்று பெயர்.

முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு இது எப்போது விழும் என்றுதான் தோன்றும். வீட்டின் பழைய பகுதியை 1504-08 வாக்கில் கட்டியவர் வில்லியம் மோர்ட்டன் என்ற நிலக்கிழார். அதற்குப் பிறகு வந்த தலைமுறைகள் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொண்டே போய், 1610 வாக்கில்தான் வேலை ஓய்ந்தது. மூன்று புகைபோக்கிச் சுவர்களையும், பிற்காலத்தில் முட்டுக் கொடுத்த சில செங்கல் கட்டுகளையும் தவிர முழு வீட்டையும் தாங்குவது மரம். நானூறு ஆண்டுக்கு மேல் இப்படிக் கோணிக்கொண்டே நிற்கிறது. எப்போது விழும் என்பதை விட்டுவிட்டு, இவ்வளவு கோணியும் ஏன் முறியவில்லை என்று கேட்டுப் பார்ப்போம். அந்தக் கேள்விக்குப் பதில் கட்டடக் கலைப் புத்தகத்தில் பாதியும் தாவரவியல் புத்தகத்தில் பாதியும் இருக்கிறது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைந்துவிடலாம். பழங்காலத் தச்சர்கள் மரத்தை வெட்டிப் பல ஆண்டு காயப்போட்டுப் பக்குவப்படுத்திய பிறகே வீடு கட்டினார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். மேசை நாற்காலிக்கும் கதவு நிலைக்கும் அது சரி. வீட்டுச் சட்டத்துக்கு அப்படிச் செய்யவில்லை. ஓக் மரம் காயக் காய இரும்புபோல இறுகிவிடும். கையுளியால் அதில் ஒரு துளை வெட்டுவதற்குள் தோள் கழன்றுவிடும். பச்சை ஓக்கில் உளி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இறங்கும். தவிர, ஒரு அங்குலக் கனம் காய ஏறத்தாழ ஓராண்டு என்பது மரக்காரர்களின் கணக்கு. ஓர் அடிக் கனமுள்ள உத்தரம் உள்வரை காயப் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். வீடு கட்டப் பணத்தை எடுத்து வைத்தவர் யார் அவ்வளவு காத்திருப்பார்? குளிர்காலத்தில் வெட்டி, அடுத்த கோடையில் நிமிர்த்திவிடுவார்கள். மரம் வீட்டிலேயே, சுமையைத் தாங்கிக்கொண்டே காயும். இந்த அத்தியாயத்தின் கதை முழுக்க அந்தக் காய்தலின் கதைதான்.

அப்போதுதான் வெட்டிய ஓக்கில், உலர்ந்த கட்டையின் எடையில் 60 முதல் 80 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. பெரும்பகுதி செல்களின் உள்வெளியில் சும்மா நிரம்பியிருப்பது. மீதி, செல் சுவருக்குள்ளேயே ஊறியிருப்பது. உள்வெளித் தண்ணீர்தான் முதலில் வெளியேறும். அது போகும்போது எடை குறையுமே தவிர மரத்தின் அளவு மாறாது. ஈரம் 30 சதவீதத்துக்கு அருகில் வந்த பிறகுதான் செல் சுவர் தன் தண்ணீரை விடத் தொடங்குகிறது. செல் சுவரில் செல்லுலோஸ் இழைகள் மரத்தின் நீளவாக்கில் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. இடையிலிருந்த தண்ணீர் போனதும் இழைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. பக்கவாட்டில் நெருங்க முடியும். நீளத்தில் சுருங்க அவற்றுக்கு வழியில்லை.

எண்ணில் சொன்னால், ஆண்டு வளையத்தின் போக்கில் ஓக் ஏறத்தாழ 8 சதவீதம் சுருங்கும். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதி, 4 சதவீதம். நீளவாக்கில் 0.1 சதவீதத்தை ஒட்டித்தான். 30 சென்டிமீட்டர் அகல உத்தரம் ஒன்றரை இரண்டு சென்டிமீட்டர் ஒல்லியாகிவிடலாம். 6 மீட்டர் நீளத் தூணோ அரை சென்டிமீட்டர்தான் குட்டையாகும். மரச்சட்ட வீடு என்ற யோசனையே இந்த ஏற்றத்தாழ்வில் தொங்குகிறது. ஒவ்வொரு கட்டையும் மெலிந்தாலும், மூட்டிலிருந்து மூட்டுக்கு உள்ள தூரம் அப்படியே இருக்கிறது. அதனால் கூடு குலையாது.

இரண்டு திசைகளில் சுருக்கம் வேறுபடுவதற்கு ஒரு விலை உண்டு. நடுத்தண்டை உள்ளே வைத்துச் சதுரித்த கட்டை காயும்போது சுற்றளவு வேகமாகவும் ஆரம் மெதுவாகவும் குறுகுவதால் எங்காவது வெடித்தே தீரும். பழைய உத்தரங்களில் நீளவாக்கில் விரல் நுழையும் அளவுக்கு ஓடும் பிளவுகளைப் பார்த்து வீட்டுக்காரர்கள் பதறிப்போய்ப் பசையும் இரும்புப் பட்டையும் தேடுவதுண்டு. பெரும்பாலான பிளவுகளால் ஒரு கெடுதலும் இல்லை. இழைகள் அறுபடவில்லை, விலகியிருக்கின்றன, அவ்வளவே.

இப்போது மூட்டுக்கு வருவோம். ஒரு கட்டையின் நுனியைச் செதுக்கி நாக்காக நீட்டுகிறார்கள். எதிர்க்கட்டையில் அதற்கேற்ற துளை வெட்டுகிறார்கள். நாக்கு துளைக்குள் போனதும் குறுக்கே மர ஆணி அடித்துப் பூட்ட வேண்டும். இரண்டு கட்டையும் பச்சை, நாளை சுருங்கும், மூட்டு தளரும். இதற்குத் தச்சர்கள் கண்ட வழியை ஒரு கணம் கிட்டே போய்ப் பார்க்கலாம். துளைக்கட்டையின் இரண்டு கன்னங்களிலும் ஆணிக்கான ஓட்டையை நேராகப் போடுவார்கள். நாக்கில் போடும்போது மட்டும் சில மில்லிமீட்டர் தள்ளி, அதாவது நாக்கின் அடித்தோளுக்குச் சற்று நெருக்கமாகப் போடுவார்கள். மூன்று ஓட்டையும் ஒரே கோட்டில் இருக்காது. கூராகச் சீவிய ஆணியைச் சம்மட்டியால் இறக்கும்போது, அது வளைந்து நெளிந்து ஓட்டைகளை ஒரே கோட்டுக்கு இழுக்கும். நாக்கும் துளைக்குள் இறுக இழுபடும். ஆணி அந்த இறுக்கத்தை உள்ளேயே வைத்திருப்பதால், கட்டை காய்ந்து மெலிந்தாலும் மூட்டு எளிதில் வாய் பிளக்காது.

ஆணியை மட்டும் காய்ந்த ஓக்கில், அதுவும் வைரம் பாய்ந்த பகுதியில் செய்வார்கள். ரம்பத்தால் அறுக்காமல் ரேகையின் போக்கில் பிளந்து எடுப்பார்கள். இழை நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓடினால்தான் சம்மட்டி அடியைத் தாங்கி வளையும். காய்ந்த ஆணியைச் சுற்றிப் பச்சை மரம் சுருங்க, பிடி இன்னும் இறுகும். ஆணித் தலையைச் சுவரோடு சமமாக வெட்டாமல் ஓர் அங்குலம் வெளியே விட்டுவைப்பதும் வழக்கம். பிறகு தளர்ந்தால் இன்னொரு தட்டுத் தட்டலாமே.

இரும்பாணி அடித்திருந்தால் வேலை சுலபம் அல்லவா? இரும்பு விலை உயர்ந்த பொருள் என்பது ஒரு காரணம். இன்னொன்று வேதியியல். ஓக்கில் டானின் நிறைய இருக்கிறது. ஈரமும் டானினும் சேர்ந்தால் இரும்பு அரிக்கும். சுற்றியிருக்கும் மரம் நீலக் கறுப்பாகிக் கெடும். ஓக் மரத்தின் கழலைகளையும் இரும்பு உப்பையும் கலந்துதான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுத்து மை காய்ச்சினார்கள். அதே வினைதான் ஆணியைச் சுற்றியும் நடக்கிறது. அதே டானின்தான் பூஞ்சையையும் பெரும்பாலான பூச்சிகளையும் வைரப் பகுதியிலிருந்து விலக்கி வைக்கிறது.

ஓக்கின் வைரத்தில் இன்னொரு காவலும் இருக்கிறது. வசந்தகாலத்தில் வளரும் மரம் வெறுங்கண்ணுக்கே தெரியும் அகலக் குழாய்களைப் போடும். நடுப்பகுதி முதிரும்போது, பக்கத்துச் செல்கள் பலூனாக உப்பி அந்தக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. அதனால் தண்ணீர் உள்ளே ஊடுருவ முடிவதில்லை. ஒயின் பீப்பாய்க்கு ஓக்கைத் தேடிப் போவதற்கும் இதுவே காரணம். வெளிப்புறத்து வெள்ளைப் பகுதிக்கு இந்த இரண்டு காவலும் கிடையாது. பழைய உத்தரத்தின் விளிம்பு மட்டும் புழு அரித்து மாவாகி, உள்ளே கல்லாக இருப்பதை இந்த வீடுகளில் அடிக்கடி காணலாம்.

ஒவ்வொரு நாக்கையும் அதற்கான துளையோடு மட்டுமே ஒத்துப்போகும்படி செதுக்குவதால், எதை எங்கே சேர்ப்பது என்பது பெரிய சிக்கல். சட்டம் முழுவதையும் தச்சர் களத்தில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, மூட்டுக்கு மூட்டு எண் கீறி, பிரித்து வண்டியில் ஏற்றி, வீட்டடியில் மறுபடி சேர்த்து நிமிர்த்துவார்கள். எண்கள் ரோமன் எண்கள். நேர்கோடுகளாக இருப்பதால் உளியால் கீற வசதி. நான்கை ஐந்துக்கு ஒன்று குறைவாக எழுதாமல் பெரும்பாலும் நான்கு கோடாகவே போட்டார்கள். கட்டை தலைகீழாகக் கிடந்தால் நான்கு ஆறாகத் தெரியுமே! எழுத்தறியாத தச்சருக்கும் குழப்பம் வராத ஏற்பாடு இது.

எழுத்தறிந்த தச்சர் ஒருவரும் இந்த வீட்டில் உண்டு. 1559இல் முற்றத்தைப் பார்த்த பெரிய சாளரங்களைச் செய்தவர், கடவுள் அருளால் இந்தச் சாளரங்களைச் செய்தவன் ரிச்சர்ட் டேல் என்ற தச்சன் என்று மரத்திலேயே செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார். எழுத்துக்கூட்டல் தாறுமாறு. ஆனால் வீட்டு முதலாளியின் பெயரோடு தன் பெயரையும் அங்கே நிற்க வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் எத்தனை தச்சருக்கு அது வாய்த்தது?

சட்டம் எழுந்துவிட்டது. இனி அது சாயாமல் இருக்க வேண்டும். நான்கு கட்டைகளை மூலைக்கு மூலை பூட்டிய சதுரத்துக்குத் தன்னளவில் விறைப்புக் கிடையாது; பழைய கயிற்றுக் கட்டிலின் சட்டம் கால் ஆட்டம் கண்டதும் ஒரு பக்கம் சரிவதைப் பார்த்திருப்பீர்கள். மூலையில் ஒரு சாய்கட்டை போட்டால் அது முக்கோணம் ஆகிவிடும். கட்டைகளின் நீளம் மாறாமல் முக்கோணம் வடிவம் மாறாது. செஷயர்த் தச்சர்கள் இந்தச் சாய்கட்டைகளை வைத்தே கோலம் போட்டார்கள். லிட்டில் மோர்ட்டன் ஹாலின் சுவர்களில் சாய்ந்த கட்டைகள் மீன்முள் வரிசையாகவும், வளைந்த துண்டுகள் நாலிதழ்ப் பூவாகவும், சாய்சதுரங்களாகவும் நிறைந்திருக்கின்றன. விறைப்புக்குத் தேவைப்பட்டது இதில் ஒரு பங்குதான். மிச்சம் பகட்டு. மரம் வாங்க வசதியுள்ளவன் என்று ஊருக்குச் சொல்ல இதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை. அகழியும் அதே ரகம்: பகைவரைத் தடுக்க வெட்டியதற்குச் சான்று ஒன்றும் இல்லை, அந்தஸ்துக்காக வெட்டியது என்பதே அறிஞர்களின் கருத்து.

மரச்சட்டக் கட்டடத்தில் மிகக் கடினமான இடம் எது என்றால், தூணின் தலை. அங்கே சுவரின் மேல் நீளமாக ஓடும் வளையும், வீட்டின் குறுக்கே இரண்டு சுவரையும் இழுத்துப் பிடிக்கும் உத்தரமும், கைமரத்தின் காலும் ஒரே இடத்தில் கூடுகின்றன. கூரையின் பாரம் சுவர்களை வெளியே தள்ளப் பார்க்கும், உத்தரம் விடக்கூடாது. மூன்று கட்டைகளையும் ஒரே இடத்தில் துளைத்தால் தூணில் மரமே மிஞ்சாது. அதற்கு அவர்கள் மரத்தைத் தலைகீழாக நட்டார்கள். அடிமரம் வேர்ப்பக்கம் விரிந்திருக்கும் அல்லவா? அந்த விரிந்த பக்கம் மேலே வருமாறு தூணை நிறுத்தினால், தலையில் இரண்டு நாக்குக்கு இடம் கிடைக்கும்: ஒன்று வளைக்கு, சற்று உயரத்தில் மற்றொன்று உத்தரத்துக்கு. உத்தரம் வளையின் மேல் புறாவால் வடிவில் கவ்விக்கொள்ளும். இந்த மூட்டு பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டு, பெரிய மாற்றமில்லாமல் நாடெங்கும் வழங்கியது. இருபதாம் நூற்றாண்டில் செசில் ஹியூவெட் என்ற ஆய்வாளர் எசெக்ஸ் பகுதியின் களஞ்சியங்களையும் தேவாலயங்களையும் ஏணி போட்டு ஏறிப் பார்த்து, மூட்டின் அமைப்பைக் கொண்டே கட்டடத்தின் காலத்தைக் கணிக்கலாம் என்று காட்டினார். அவர் ஆராய்ந்தவற்றில் கிரெசிங் டெம்பிள் களஞ்சியங்கள் 1200களைச் சேர்ந்தவை. இன்றும் கூரையோடு நிற்கின்றன.

இவ்வளவு கணக்கோடு வேலை செய்தவர்களின் வீடு ஏன் கோணியது? பழியைத் தச்சர் மேல் போடுவது எளிது. நான் வீட்டுக்காரர் மேல்தான் போடுவேன்.

வீட்டின் தெற்குப் பகுதி 1560களின் தொடக்கத்தில் எழுந்தது. நுழைவாயிலும் அறைகளுமாக இரண்டு அடுக்குக்குத் திட்டமிட்ட கட்டடம் அது. வேலை தொடங்கிய பிறகுதான், மேலே ஒரு நீள்கூடம் வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கிறது. மழைக்காலத்தில் உள்ளேயே உலாவவும் விருந்தினரை வியக்க வைக்கவும் நீண்ட கூடம் வைப்பது அப்போதைய பணக்கார வீடுகளின் நாகரிகம். 21 மீட்டர் நீளக் கூடம், சுற்றிலும் கண்ணாடி ஜன்னல்கள், அதன் தலையில் ஓடோ வைக்கோலோ இல்லை, மணற்கல் பலகைகள். கல் வேய்ந்த கூரை சதுர மீட்டருக்கு 100 கிலோ அளவில் கனக்கும். பலகை பெரியது கீழே, சிறியது மேலே என்று அடுக்குவது அழகுதான். ஆனால் அந்தப் பாரம் இறங்கும் பாதையில் கீழ் அடுக்கின் தூண்கள் இருக்க வேண்டுமே. நினைத்தபடி இல்லை.

கீழே இருந்தது பச்சை மரம். இங்குதான் மரத்தின் விசித்திர குணம் ஒன்று தலைகாட்டுகிறது. எந்த மரமும் சுமையை ஏற்றிய உடனே கொஞ்சம் வளையும்; சுமையை எடுத்தால் நிமிரும். சுமையை எடுக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால், வளைவு மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். பச்சை மரம் சுமையைத் தாங்கிக்கொண்டே காய்ந்தால் இந்த வளைவு இன்னும் மிகுதி. தண்ணீர் வெளியேறும்போது செல் சுவரின் இழைகளுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் அறுந்து, சற்று நழுவிய நிலையில் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன. முதல் நாள் வளைவைப் போல இரண்டு மூன்று மடங்கு வரை போய்விடும். பிறகு காய்ந்து முடிந்ததும் அந்த வளைந்த வடிவத்திலேயே இறுகிவிடும். இறுகிய ஓக்கை நசுக்க, பச்சை ஓக்கை நசுக்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விசை வேண்டும். ஆக, பாரம் தாங்காமல் வீடு வளைந்தது இளமையில். வளைந்த பிறகே அதற்கு முழு வலு வந்தது. கருங்கல்லோ வார்ப்பிரும்போ இந்த இடத்தில் விரிசல் விட்டிருக்கும். மரம் மட்டும் தன் மேல் வந்த தப்பை வளைந்து வாங்கிக்கொண்டது. மர ஆணி மூட்டுகளும் சற்றே திரும்பிக் கொடுத்தன. பிற்காலத்தில் நீள்கூடத்தை உருக்குக் கம்பி போட்டு இழுத்துக் கட்டினார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மரத்தின் பெருந்தன்மைக்கும் எல்லை உண்டு.

மேல் அடுக்கு வெளியே துருத்தி நிற்பதைக் கோணலோடு சேர்த்து எண்ணிவிடக்கூடாது. அது வேண்டுமென்றே செய்தது. தரைக்கட்டைகளைக் கீழ்ச்சுவருக்கு வெளியே இரண்டடி நீட்டி, நீட்டிய நுனியில் மேல்சுவரை வைத்தால், அந்தச் சுவரின் பாரம் நுனியை அமுக்கும். கட்டையின் நடுப்பகுதி மேலே எழும்ப முயலும். அறைக்குள் தரை தொய்வது அந்த அளவுக்குக் குறையும். கீழ்ச்சுவருக்கு மழைச்சாரலிலிருந்து ஒரு குடையும் ஆகிறது. நகரங்களில் தெருவுக்கு மேலே இடம் பிடிக்க இப்படிக் கட்டினார்கள் என்பார்கள். சுற்றிலும் வயலாக இருக்கும் இந்த வீட்டுக்கு இடப் பஞ்சமா? இதிலும் பாதி காரணம் மோஸ்தர்தான்.

சட்டங்களுக்கு இடைப்பட்ட கட்டங்களை நிரப்புவது இத்தகைய வீடுகளில் பெரும்பாலும் மண்தான். ஓக் குச்சிகளைச் செங்குத்தாகச் செருகி, இளங்கொம்புகளைக் கூடை முடைவதுபோல முடைந்து, களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் மாட்டுச் சாணமும் குழைத்து இரு புறமும் அப்பி, மேலே சுண்ணாம்பு அடிப்பார்கள். மரம் சுருங்கினால் மண்ணும் விரிசல் விடும்; மறு ஆண்டு மீண்டும் பூசினால் போயிற்று. இந்தச் சுவரின் பெரிய குணம், மழையில் நனைந்தால் வெயிலில் காய்ந்துவிடும் என்பது. இருபதாம் நூற்றாண்டில் இதைச் செம்மைப்படுத்துகிறோம் என்று பல பழைய வீடுகளில் சிமென்ட் பூசினார்கள். சிமென்ட் விறைப்பானது, அசையும் மரத்தோடு அது அசையாது. விளிம்பில் முடி அளவு இடைவெளி விழும். அதன் வழியே உள்ளே போன மழைநீர் வெளியே வர வழியிருக்காது. நூற்றாண்டுகள் தாங்கிய ஓக், சிமென்ட்டுக்குப் பின்னால் சில பத்தாண்டுகளில் உளுத்துப்போனது. ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்த வைரத்தைத் தேடித்தான் உத்தரங்களைத் துளைக்கும் ஒருவகை வண்டும் வருகிறது. வசந்தகால இரவில் அது தலையால் மரத்தைத் தட்டித் துணையை அழைக்கும். நோயாளிக்குக் காவலிருந்தவர்கள் அந்தச் சத்தத்தைச் சாவின் மணி என்று எண்ணி அஞ்சினார்கள். வண்டின் ஆங்கிலப் பெயரும் அதை வைத்தே அமைந்தது. உலர்ந்த மரத்தில் அதற்கு வேலை இல்லை.

பழைய உத்தரங்களில் காரணமில்லாத காலித் துளைகள் தெரிந்தால், இது உடைத்த கப்பலின் மரம் என்று பெருமையோடு சொல்லும் வழக்கம் இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் உண்டு. பெரும்பாலும் கதைதான். அவை வேறொரு வீட்டிலிருந்து பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்திய கட்டைகள். இப்போது இதைச் சோதிக்க வழி இருக்கிறது. பென்சில் கனத்தில் ஒரு குடைவு எடுத்து, ஆண்டு வளையங்களின் அகலத்தை அளந்து, மழை நல்ல ஆண்டும் வறட்சி ஆண்டும் மாறி மாறி வரும் வரிசையை அந்த வட்டாரத்தின் அட்டவணையோடு ஒப்பிடுகிறார்கள். பட்டை ஓரம் மிஞ்சியிருந்தால், மரம் வெட்டப்பட்ட ஆண்டு மட்டுமல்ல, பருவமும் தெரியும். ஓரம் போய்விட்டால் வெள்ளைப் பகுதியில் 9 முதல் 41 வளையம் வரை இருந்திருக்கும் என்று கொண்டு ஓர் இடைவெளியைச் சொல்வார்கள். கட்டிய ஆண்டு ஆவணத்தில் இருக்கும் கட்டடங்களில் பார்த்தால், மரம் வெட்டிய ஆண்டும் அதுவும் ஒட்டியே வருகின்றன. பச்சை மரத்தில்தான் கட்டினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கடைசியாக அந்தக் கறுப்பு வெள்ளை. ஓக்குக்குக் கறுப்புப் பூசியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரசனை. மோர்ட்டன் குடும்பத்தார் பார்த்த வீட்டில் மரம் பூச்சில்லாமல் வெயில் மழையில் வெள்ளிச் சாம்பலாக வெளுத்திருக்கும். இடைச்சுவர் காவி மஞ்சளாக இருந்திருக்கும். அந்தக் குடும்பம் 1640களின் உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று கடனில் மூழ்கியது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீட்டை உழவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு வெளியேறினார்கள். கையில் காசிருந்த அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் தங்கள் மரவீடுகளை இடித்துச் செங்கல்லில் கட்டிக்கொண்ட காலம் அது. இவர்களுக்கு அதற்கு வழியில்லாமல் போனதால்தான் வீடு நமக்கு மிஞ்சியது. 1938 முதல் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை அதைப் பராமரித்து வருகிறது.

அந்தப் பக்கம் போக வாய்த்தால், முகப்பின் கோணலைப் படம் பிடித்ததோடு திரும்பிவிடாதீர்கள். எந்த மூட்டுக்காவது பக்கத்தில் போய், வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் நின்று பாருங்கள். சுவருக்கு வெளியே துருத்தும் ஆணித் தலையும், பக்கத்தில் உளியால் கீறிய எண்ணும் கண்ணில் படக்கூடும்.